முப்பத்தைந்து மில்லி

எங்கள் வீட்டுக்கும் பெயின்டர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே நூறாயுசு சொல்லலாம். அதனால் ஏழாம் மாதத்தில் பெயின்டர் பெண்டாட்டிக்குப் பனிக்குடம் உடைந்ததும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் அவள் செருப்புமாக ஓடியதும் நான் கண்ணால் பார்த்தவை. ஆஸ்பத்திரிக்கு உள்ளே நடந்ததை அவள் சொல்லியும், பிறகு அங்கே எல்லாரும் பெரிய சிஸ்டர் என்கிற நர்ஸ் சொல்லியும் தெரிந்துகொண்டேன். இதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் துருவிக் கேட்க வேண்டியிருக்காது.

நான் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவள். அப்போது நீண்ட விடுமுறை, மணிக்கும் எனக்கும் ஓய்வு. மதியச் சாப்பாட்டை நான் கொண்டுபோகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். இரண்டு பஸ் மாறி, அடுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போவேன். சோறு, பருப்பு, அவித்த முட்டை, ஏதாவது ஒரு கீரை. குறைமாதப் பிள்ளைகளின் பிரிவுக்கு வெளியே தாய்மார் தங்குகிற கூடம். அதன் வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அவளை அதில் உட்காரவைத்து, எதிரே நின்று, டப்பா காலியாகும்வரை நகர மாட்டேன். சோற்றில் மிச்சம் வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவள் "போதும்க்கா" என்பாள். பிள்ளைக்குப் பால் என்ன வானத்திலிருந்தா ஊறும் என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி தள்ளுவேன்.

அவள் கார்மென்ட்ஸில் செக்கிங் மேசையில் வேலை செய்கிறவள். ஆறு வருஷமாகச் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூல் வெட்டுகிற வேலை. ஒரு ஷிப்டுக்கு இத்தனை பீஸ் என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். சாயங்காலம் மணி அடிக்கும்போது மேசைமேல் ஒரு பீஸ்கூடக் கிடக்கக் கூடாது. கிடந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துப் பேசுவான். அந்தப் பேச்சுக்குப் பயந்து, முடியாத பீஸ்களைக் கூடைக்கு அடியில் செருகி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் முதல் வேலையாக எடுத்து முடிப்பது அங்கே எல்லாப் பெண்களுக்கும் வழக்கம். சூப்பர்வைசருக்கும் அது தெரியும். பலகையில் எண் சரியாக இருந்தால் அவன் கூடையைத் தூக்கிப் பார்க்க மாட்டான்.

பிள்ளை பிறந்தபோது ஆயிரத்து இருநூற்றெண்பது கிராம். ஆண் பிள்ளை. பெயின்டர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "இவ்வளவுதான்க்கா, விரல் நுனி மட்டும் மிச்சம்" என்றான். முதல் மூன்று வாரம் மூச்சுக்கே போராட்டம். அது ஒருவழியாக முடிந்து பிள்ளை ஆயிரத்து எழுநூற்றெண்பதுக்கு ஏறியபோது, அடுத்த போராட்டம் பாலில் வந்து நின்றது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப் போட்டு அதில்தான் பால் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முப்பத்தைந்து மில்லி. இனி வாயால் குடிக்கப் பழக வேண்டும். மார்பில் வைத்தால் நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் தூங்கிப் போனான். அதனால் அவள் மெஷினில் பீய்ச்சி எடுத்து வைக்கிற பாலைச் சின்ன பாட்டிலில் கொடுத்துப் பார்த்தார்கள். வாயால் எவ்வளவு குடிக்கிறானோ அதைச் சார்ட்டில் ஒரு கட்டத்தில் எழுதுவார்கள். பாக்கியை டியூபில் விட்டு அடுத்த கட்டத்தில் எழுதுவார்கள். இரண்டு நாள் முழுசும் வாய்க் கட்டத்தில் முப்பத்தைந்து வந்தால் டியூபை எடுத்துவிடுவார்கள். டியூப் இல்லாமல் எடை ஏறினால் வீடு.

இதை முதலில் கற்றுக்கொடுத்தவர் பெரிய சிஸ்டர். அந்தப் பிரிவுக்கே தலைமை நர்ஸ். கனத்த உடம்பு, மடங்காத முழங்கால், தூங்குகிறவர்கள் நடுவே பேசுகிற மாதிரித் தாழ்ந்த குரல். எல்லாப் பிள்ளைகளையும் முதலாளி என்றுதான் சொல்வார். நாமெல்லாம் அவங்களுக்கு வேலை செய்யறவங்கதானே என்பார். முழங்கைவரை கை கழுவச் சொல்லி, கால் மணையில் அவளை ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொல்லி, சரிந்த தொடைமேல் ஒரு தலையணையை நீளவாக்கில் போட்டு, துணியில் சுற்றிய பிள்ளையை அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

"ஒரு காது கூரையைப் பார்க்கணும். தலை இடுப்பைவிட ஒசரம். கழுத்து மடங்கவும் கூடாது, பின்னாடி சாயவும் கூடாது. ரெண்டு கையும் மூஞ்சிக்குப் பக்கத்துல இருக்கட்டும், அவருக்கு அதுதான் தைரியம்" என்றார். "மல்லாக்கப் போட்டு ஊத்தினா பால் நேரா தொண்டைக்கு ஓடும். தடுக்க அவருக்குத் தெம்பு இல்ல. இப்படிப் படுத்தா வேண்டாதது கன்னத்து வழியா வழிஞ்சுடும்."

பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் படுக்கை வசத்தில் பிடிக்க வேண்டும். நிப்பிளில் பாதிதான் பால் நிற்க வேண்டும். மூன்று நான்கு உறிஞ்சலுக்கு ஒருமுறை பிள்ளை தானாக மூச்சு வாங்கவில்லை என்றால், நிப்பிளை வாயிலிருந்து எடுக்காமலே பாட்டிலைத் தாழ்த்தி, பாலை மட்டும் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூச்சு வந்ததும் மறுபடி உயர்த்த வேண்டும். குடிப்பதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் நமக்கு ஒரே வேலை. கருவிலிருந்து எண்ணி முப்பத்தைந்து வாரமான பிள்ளைக்கு அவை மூன்று வேலை. இதைச் சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர் பிள்ளையின் கையைத் தொட்டுக் காட்டினாராம்.

"அஞ்சு விரலும் விரியுதா, புருவம் மேல ஏறுதா, உதடு ஓரத்துல பால் வழியுதா, அதெல்லாம் போதும்னு அவர் சொல்றது. அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள போனாலும் அது அவர் குடிச்சது இல்லம்மா. நாம ஊத்தினது."

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்குப் பிள்ளை பதினைந்து குடித்தான். மறுநாள் பதினெட்டு. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு எங்கள் எல்லாருக்கும் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பெயின்டர் காலையில் சாரம் ஏறுவதற்கு முன் போன் செய்து, முழுசா முடிச்சானா என்பான். அவன் அக்கா தினமும் கூப்பிட்டு, டியூப் எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டு, எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் வாயால் குடிக்கத் தெரியாமல் பிறந்ததில்லை என்று ஒரு வரி சேர்ப்பாள். கேள்விக்குக் காசா பணமா, கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஊரைச் சொல்லி என்ன, நானும் பெஞ்சில் டப்பாவை வைப்பதற்கு முன்னாலேயே "இன்னைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பேன். நீ தூங்கினாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குப் பக்கத்துத் தொட்டில் பிள்ளை அந்த வாரம் வீட்டுக்குப் போய்விட்டது. காலித் தொட்டிலைத் துடைத்து, வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டார்கள். அதுவும் இருபது குடித்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய சிஸ்டர் முழங்கால் வைத்தியத்துக்காக நாலு நாள் லீவில் போனார். மிச்சம் இருந்த இரண்டு நர்ஸ்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒன்றுக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் இன்னொன்றின் மானிட்டர் கத்தும். தாய் பழகிவிட்டாள் என்று தெரிந்தால் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். முதல் தடவை நடந்தது தற்செயல்தான். நிப்பிள் நழுவிப் பாதிப் பால் கன்னத்துத் துணியில் கொட்டி, பாட்டில் காலியாகிவிட்டது. இளைய நர்ஸ் ஒருத்தி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "அட, முழுசா முடிச்சுட்டாரே" என்று சிரித்து, வாய்க் கட்டத்தில் முப்பத்தைந்து என்று எழுதினாள். இவள் வாயைத் திறந்தாளாம். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குப் பெயின்டரிடம் போனில் சொன்னபோது அவன் சாரத்தில் நின்றபடியே பக்கத்தில் இருந்தவர்களிடம் கத்திச் சொன்னது அவளுக்குக் கேட்டது.

அடுத்த வேளை பிள்ளை இருபதில் விரலை விரித்தான். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நிப்பிளைப் பிடித்து அழுத்தி, பாக்கிப் பாலைத் துணியில் இறக்கினாள்.

இதை அவள் என்னிடம் சொன்னபோது, பிள்ளையை ஏமாற்றுகிறோம் என்று தோன்றவே இல்லை என்றாள். "நாளைக்குக் குடிச்சுடுவான்னுதான் நெனச்சேன்க்கா. இன்னைக்குக் கணக்கை மட்டும் சரி பண்ணிட்டா, நாளைக்கு அவன் முடிச்சுடுவான்." கூடைக்கு அடியில் செருகிய பீஸ் ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும், பசிக்காது. அந்த வித்தியாசம் அவள் கைக்குத் தெரியவில்லை.

துணிகளைத் துவைத்துக் கொடுத்தவள் நான். தினமும் ஒரு பை நிறையத் துணி கொண்டுவருவேன். அந்த நாலு நாளும் பை கனத்தது. திறந்தால் புளித்த பால் வாடை மூக்கைத் துளைத்தது. பிள்ளை கக்குகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு தடவை வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எவ்வளவு குடித்தான் என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, துணி ஏன் இவ்வளவு நனைந்திருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. முப்பத்தைந்து முப்பத்தைந்து என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை டியூபை எடுத்தார்கள். பெயின்டர் அன்று வீட்டில் தன் அறைக்கு வெளிர்மஞ்சள் அடித்தான். பிஞ்சு நுரையீரலுக்கு இந்த வாடையா என்று நான் சுவர் வழியாகவே சத்தம் போட்டேன். பத்து நாள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்று விசில் அடித்தான்.

எடை மட்டும் ஏறவில்லை. முதல் நாள் நின்றது. இரண்டாம் நாள் பத்து கிராம் குறைந்தது. டியூபை எடுத்த அன்று இருபது, அதற்கு மறுநாள் முப்பது. பிள்ளை அழுவதை நிறுத்தினான். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். சார்ட்டைப் பார்த்தால் நிறைவாகக் குடிக்கிற பிள்ளை, தராசைப் பார்த்தால் கரைகிற பிள்ளை. டாக்டர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ரத்தத்தில் கிருமி ஏதாவது இருக்கலாம் என்றார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை என்றாள். அன்று மதியம் என் டப்பாவைக் கடைசிப் பருக்கைவரை தின்று தீர்த்தாள். நான் அவளை மெச்சினேன்.

ஐந்தாம் நாள் காலை பெரிய சிஸ்டர் வேலைக்குத் திரும்பினார். சார்ட்டை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். ஒன்பது மணி பாலுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, நீங்க குடுங்கம்மா, நான் சும்மா பார்க்கிறேன் என்றார்.

எதிரே ஆள் இருந்தால் துணியில் எப்படி ஊற்றுவது? கால் மணை, தலையணை, ஒருக்களித்த பிள்ளை எல்லாம் முறையாகவே வைத்தாள். எண்ணி எண்ணிக் கொடுத்தாள். பதினேழில் விரல் ஐந்தும் விரிந்தன. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும், நிப்பிளை வாய்க்குள் இப்படியும் அப்படியும் திருப்பி, பாட்டிலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். பதினெட்டு, பத்தொன்பது. பிள்ளை விழுங்க மறந்தான். மூச்சு நின்றது. உதட்டைச் சுற்றி நீலம் ஏறியது. மானிட்டர் கத்தத் தொடங்கியது.

பெரிய சிஸ்டர் எழுந்த வேகத்தில் அந்த முழங்கால் எங்கே போனது என்று தெரியவில்லை என்றாள் அவள். பிள்ளையை உள்ளங்கையில் முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்தார். பத்து விநாடி இருக்கும். ஒரு சின்ன இருமல், அப்புறம் அழுகை. உதட்டில் சிவப்பு திரும்பியது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். இனிமேல் காத்திருக்க முடியாது, பாலை நிறுத்திவிட்டு ட்ரிப் போட்டு ஊசி மருந்தை ஆரம்பிக்கலாம், முதுகிலும் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இளைய நர்ஸ் ஊசித் தட்டைக் கொண்டுவந்து வைத்து, தீக்குச்சி மாதிரி இருந்த அந்தக் கையில் நரம்பு தேட ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றாள் இவள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவனுக்கு நோய் இல்ல சிஸ்டர். பசி."

நர்ஸின் கை நின்றது.

"துணியில ஊத்தினேன். நாலு நாளா. அவன் பதினஞ்சு, இருபதுதான் குடிச்சான். மிச்சத்தை நான் ஊத்திட்டேன்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது. நாங்க இல்லாத வியாதியத் தேடிட்டு இருந்தோம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, ரத்த ரிப்போர்ட்டை எடுத்துவரச் சொன்னார். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஊசித் தட்டு திரும்பிப் போனது. டியூபை மறுபடி போட்டு, பாலை மெதுவாக விட்டு, அன்று முழுக்கக் கண்காணிப்பில் வைக்கலாம், அதற்குள் கொஞ்சம் தளர்ந்தாலும் ஊசிதான் என்று முடிவாயிற்று.

மூக்கில் டியூப் ஏற்றும்போது பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெரிய சிஸ்டர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. "நீங்களே பிடிங்க" என்றார். அவள் பிடித்தாள். பிள்ளை ஓங்கரித்து, துடித்து, அழுது அடங்கும்வரை பிடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு பெரிய சிஸ்டர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதே தாழ்ந்த குரலில் பேசினார்.

"எனக்குத் திட்டணும்னுதான் வருது. திட்டினா நாளைக்கு வேற எதையாவது மறைப்பீங்க. எங்க மேலயும் தப்பு இருக்கு. காலி பாட்டிலைப் பார்த்தோம், பிள்ளையைப் பார்க்கல. இனி சார்ட்டை நீங்களே எழுதுங்க. அஞ்சு குடிச்சா அஞ்சு. குடிக்கலன்னா சைபர். சைபருக்கு இங்க யாரும் உங்களை நிக்கவைக்க மாட்டாங்க."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்ததாம்.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். பெயின்டர் வேலையிலிருந்து நேராக வந்தான். கையில் ஒரு காகிதப் பை, அதற்குள் நீலக் கம்பளித் தொப்பி. அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, எதையும் குறைக்காமல், எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் பையை என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். எழுந்து வந்து அவளை ஏதாவது சொல்லிவிடுவானோ என்று அவன் பின்னால் போய் நின்றேன்.

"தாய்ப்பாலைத் துணிக்கு ஊத்தியிருக்காக்கா" என்றான். பிறகு, "நான் தினம் போன்ல என்ன கேப்பேன் தெரியுமா? முடிச்சானா, முடிச்சானா. வேற ஒண்ணுமே கேட்டதில்ல" என்றான்.

நான் துணி வாடையைப் பற்றிச் சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

அப்புறம் எழுந்து உள்ளே போனான். நகக்கண்ணில் காய்ந்திருந்த மஞ்சள் பெயின்ட் போகும்வரை கால் மணி நேரம் பிரஷ் போட்டுக் கை கழுவினானாம். ஆறு மணி பாலை அவன்தான் கொடுத்தான். பெரிய சிஸ்டர் ஷிப்ட் முடிந்தும் போகாமல் பக்கத்தில் நின்றார். பெயின்ட் சொட்டாமல் பிரஷ்ஷைச் சாய்க்கிற கை அது. உறிஞ்சும்போது தூக்கி, மூச்சுக்குத் தாழ்த்தி, மறுபடி தூக்கி, ஒரு சொட்டுக் கீழே விழாமல் கொடுத்தானாம். அவள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் விரலையே பார்த்தபடி நின்றாள். முதல் விரல் அசைந்ததுமே "ஏங்க" என்றாள். "இவ்வளவுதான்டா? சரிடா" என்று அவன் பாட்டிலை எடுத்துவிட்டான். உள்ளே பாதிக்கு மேல் பால் நின்றது. அவள் பேனாவை எடுத்து வாய்க் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். டியூப் கட்டத்தில் இருபத்து மூன்று. எண்ணைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தாள் என்று பெரிய சிஸ்டர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் மதியம் நான் டப்பாவுடன் போனபோது பெரிய சிஸ்டர் வராண்டாவில் எதிர்ப்பட்டு, முப்பது கிராம் ஏறியிருக்கிறார் முதலாளி, ஊசி தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு எப்போது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவள் பெஞ்சில் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். இதற்கு முன்னாலும் இருந்திருக்க வேண்டும், நான்தான் பார்க்கவில்லை.

"ராத்திரி தூங்கினியா?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் தூங்கினேன்க்கா."

சோறு, பருப்பு, முட்டை. முட்டையை முழுசாகச் சாப்பிட்டாள், சோற்றில் பாதியைக் கடந்தாள். அப்புறம் கை நின்றது. டப்பாவுக்குள் விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு, போதும்க்கா என்றாள்.

பழக்க தோஷம், என் கை தானாகக் கரண்டிக்குப் போய்விட்டது. கரண்டியில் சோறும் எடுத்துவிட்டேன். அவள் என் கரண்டியைப் பார்த்தாள். மறுக்கவில்லை. நான் போட்டால் தின்றிருப்பாள், இத்தனை நாளும் அப்படித்தானே தின்றாள்.

எடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினேன். உள்ளே மூன்று மணி பாலுக்குக் கூப்பிட்டார்கள். அவள் கை கழுவப் போனாள்.